உழைத்தவர்களை எண்ணிய பட்டியல்: தொடக்க நவீன கால இங்கிலாந்தில் ஏழைகளும் சட்டமும்

1570ஆம் ஆண்டில் கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் நகர ஆட்சியாளர்கள் தங்கள் ஊர் ஏழைகளை வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். லண்டனுக்கு அடுத்து நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்று அது. கம்பளித் துணி நெசவால் வாழ்ந்த ஊர். அந்தக் கணக்கெடுப்பில் ஆண், பெண், குழந்தை என 2,300க்கும் மேற்பட்டோர் எழுதப்பட்டார்கள். நகரின் ஆங்கிலேய மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். பெயர், வயது, தொழில், எத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருக்கிறார், யாருடைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறார், தருமம் வாங்குகிறாரா, வாங்கினால் வாரத்துக்கு எத்தனை பென்னி என்பதெல்லாம் அதில் உண்டு. உடல்நிலையும் உண்டு. வேலை செய்யக்கூடியவர், ஓரளவு முடிந்தவர், மிக வறியவர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறிப்பு. சில பெயர்களுக்கு எதிரே ஊரை விட்டு அனுப்பப்பட வேண்டியவர் என்ற குறிப்பும் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சாதாரண ஏழைகளை இத்தனை நெருக்கத்தில் காட்டும் ஆவணங்கள் அரிது. அதைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, இந்த ஏழைகள் சும்மா இருந்தவர்கள் அல்லர் என்பது. பட்டியலில் பெண்கள் ஆண்களைவிட மிக அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பாவு நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதையும் எண்பது வயதையும் தாண்டிய விதவைகளைப் பற்றி எழுதும்போது, வேலை செய்யும் வயதை ஏறக்குறையக் கடந்தவர் என்று குறிக்கும் எழுத்தர், அதே வரியில் அவர் நூல் நூற்பதையும் குறிக்கிறார். கால் ஊனமானவர்கள் நூற்கிறார்கள். ஒரு கையை இழந்த ஒரு மூதாட்டி மிச்சமிருந்த கையால் நூற்கிறாள். ஆறேழு வயதுக் குழந்தைகளும் நூற்கிறார்கள். ஆண்களில் பெரும்பாலோருக்கும் ஏதோ ஒரு தொழில் இருக்கிறது. பார்வை இழந்தவர்களை வழிநடத்த வீட்டில் ஒரு பிள்ளை. மூப்படைந்த ஆணும் அவனைவிட வயதில் மிக இளைய மனைவியுமாகப் பல குடும்பங்கள். இருவரில் ஒருவருக்குக் கூரை கிடைத்தது, மற்றவருக்குக் கவனிக்க ஒரு துணை கிடைத்தது. பிழைப்பதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் இந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன. தருமம் வாங்கியவர்கள் இவர்களில் சிறுபான்மையினரே.

ஆனால் இந்தக் கணக்கை எடுத்தவர்கள் அதிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார்கள். மேயர் ஜான் ஆல்ட்ரிச்சின் தலைமையில் வகுக்கப்பட்ட நகர ஒழுங்குகள், ஊர் முழுக்கச் சோம்பேறிப் பிச்சைக்காரர்கள் நிறைந்திருப்பதாகவும், வாசலில் கிடைக்கும் உணவைத் தின்று தீர்க்க முடியாமல் அவர்கள் வீணடிப்பதாகவும் குறைகூறித்தான் தொடங்குகின்றன. பிச்சை தடை செய்யப்பட்டது. நார்மன்ஸ் எனப்பட்ட பழைய கட்டிடம் ஒன்றில் திருத்தகம் திறக்கப்பட்டது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் கோடையில் காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணிவரை வேலை செய்ய வேண்டும். உண்ண அரைமணி, வழிபட கால்மணி. குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் வேலை கற்றுத்தர ஒவ்வொரு பகுதியிலும் பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். ஏற்கெனவே நூற்றுக்கொண்டிருந்தவர்களை நூற்க வைப்பதற்கு ஒரு நகரம் இவ்வளவு ஏற்பாடு செய்தது.

அதே ஒழுங்குகள் முன்பைவிட அதிகப் பேருக்கு உதவித்தொகை வழங்கின. வசதியுள்ளவர்கள் கட்ட வேண்டிய தொகையும் உயர்ந்தது. இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்டிப்பதும் பேணுவதும் ஒரே கையின் வேலையாக இருந்தன. அடுத்த இருநூறு ஆண்டு ஆங்கிலேய ஏழைச் சட்டத்தின் வரலாறு இந்த இரண்டும் பிரியாமல் நடந்த வரலாறு. என் வாதம் இதுதான்: அந்தச் சட்டத்தின் பெரிய குறை அதன் கொடுமையைவிட ஆழமானது. முழுநேரம் உழைத்தும் வறியவராகவே இருப்பவருக்கு அதில் இடமில்லை. வேலை செய்ய இயலாதவர், வேலை செய்ய மறுப்பவர் என்ற இரண்டு வகையையே அது முதலில் அறிந்திருந்தது. வேலை கிடைக்காதவர் என்ற மூன்றாவது வகையை மெல்ல ஒப்புக்கொண்டது. கூலியே போதாதவர் என்ற நான்காவது வகையை, நார்விச்சின் பட்டியல் முழுக்க நிரம்பியிருந்த வகையை, சட்டம் பெயரிட்டு அழைக்கவே இல்லை.

நார்விச் ஆட்சியாளர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1549இல் ராபர்ட் கெட் என்பவரின் தலைமையில் பல்லாயிரம் பேர் நகருக்கு வெளியே மவுஸ்ஹோல்ட் மேட்டில் முகாமிட்டு நகரையே கைப்பற்றினார்கள். பொதுநிலத்தை வேலியடைத்து ஆக்கிரமித்த நிலக்கிழார்களுக்கு எதிரான கலகம் அது. ஊருக்குள் இருந்த ஏழைகள் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டதை நகரத் தலைவர்கள் மறக்கவில்லை. இருபத்தோராண்டு கழித்து ஏழைகளை எண்ணப் போனவர்கள் கலகத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கதவுகளைத் தட்டினார்கள்.

வறுமை பெருகியதற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1541இல் இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 லட்சம்; 1601இல் 41 லட்சம்; 1651இல் 52 லட்சம். நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் உணவுப் பொருள்களின் விலை நான்கைந்து மடங்கு ஏறியது. தெற்கு இங்கிலாந்தில் கட்டுமானக் கூலியாளின் நாட்கூலி நான்கு பென்னியிலிருந்து எட்டு பென்னியானது, அதாவது இரு மடங்கு மட்டுமே. ஆடு மேய்க்கப் பல ஊர்களில் உழவு நிலம் வேலியடைக்கப்பட்டது. 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி துறவு மடங்களைக் கலைத்தபோது, அவை வாசலில் வழங்கிவந்த உணவும் அவற்றைச் சார்ந்திருந்த மருத்துவமனைகளும் போயின. மடங்களின் தருமம் எவ்வளவு பெரியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. இழப்பு நேர்ந்த காலம் மோசமான காலம் என்பதில் வாதமில்லை.

சட்டம் முதலில் சவுக்கைத்தான் எடுத்தது. 1531ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடல் வலுவிருந்தும் பிச்சை எடுப்பவரைச் சந்தை ஊருக்குக் கொண்டுபோய், ஆடையைக் களைந்து, வண்டியின் பின்னால் கட்டி, ரத்தம் வரும்வரை அடித்து, பிறந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். முதியவர்களும் ஊனமுற்றவர்களும் உரிமச் சீட்டு வாங்கி, குறிப்பிட்ட எல்லைக்குள் பிச்சை எடுக்கலாம். 1547ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் அப்பால் போனது. மூன்று நாள் வேலையின்றித் திரிந்தவரைப் பிடித்துக் கொடுத்தால், அவர் மார்பில் பழுத்த இரும்பால் சூடு போட்டு, பிடித்தவருக்கே இரண்டு ஆண்டுகளுக்கு அடிமையாகக் கொடுத்துவிடலாம். தப்பி ஓடிப் பிடிபட்டால் முகத்தில் இன்னொரு சூடு, ஆயுள் முழுக்க அடிமை. சங்கிலியில் கட்டிவைக்கவும் அனுமதி இருந்தது. பிச்சைக்காரர்களின் பிள்ளைகளை யார் வேண்டுமானாலும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கு ஆதாரம் கிடைப்பதே அரிது. இரண்டு ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் இயலாதவர்களுக்குக் குடியிருப்பு அமைக்கவும், தேவாலயத்தில் வாரந்தோறும் நன்கொடை திரட்டவும் இதே சட்டம்தான் கட்டளையிட்டது. அடிமை விலங்கும் அன்னதானமும் ஒரே ஏட்டில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக இருந்தன.

1572ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் மிரட்டலோடு நிற்கவில்லை. பதினான்கு வயதைத் தாண்டிய நாடோடிக்குச் சவுக்கடியோடு வலது காதின் குருத்தெலும்பில் பழுத்த இரும்பால் ஒரு அங்குல அளவுத் துளை. மூன்றாம் முறை பிடிபட்டால் மரணம். லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸ் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளில் காது துளைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், தூக்கிலிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நாடோடி என்று சட்டம் யாரையெல்லாம் சொன்னது? கைரேகை பார்ப்பவர், கரடியாட்டக்காரர், உரிமமில்லாத நாடகக்காரர், ஈயம் பூசுபவர், தெரு வணிகர், உரிமமின்றிப் பிச்சை கேட்கும் பல்கலைக்கழக மாணவர். அந்த வரிசையில் இன்னொருவரும் உண்டு: நியாயமான கூலிக்கு வேலை செய்ய மறுக்கும் தொழிலாளி. எது நியாயமான கூலி என்பதை 1563ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி மாவட்டத்தின் அமைதி நீதிபதிகள் தீர்மானித்தார்கள். அவர்கள் உள்ளூர் நிலவுடைமையாளர்கள். கூலிக்கு உச்சவரம்பு கட்டியவர்களும், அந்தக் கூலி போதாமல் ஊர் மாறிப் போனவனைச் சவுக்கால் அடிக்க உத்தரவிட்டவர்களும் ஒரே ஆட்கள். ஏழைச் சட்டத்தைத் தனியாகப் படித்தால் இது கண்ணில் படாது. கூலிச் சட்டத்தோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

நாடோடிகளைப் பற்றிய கற்பனை இதற்குள் தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டது. கென்ட் மாவட்டத்து நிலக்கிழார் தாமஸ் ஹார்மன் 1560களில் எழுதிய நூல், பிச்சைக்காரர்களைக் குழு குழுவாக வகைபிரித்தது. போலி வலிப்புக்காரர், போலி ஊமை, போலிப் போர்வீரர் என்று வகைகள் நீண்டன. அவர்களுக்குள் ரகசிய மொழி உண்டு, தலைவர்கள் உண்டு என்றது. வாசகர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் சால்ஸ்பரி நகரில் 1598 முதல் சவுக்கடி கொடுத்து அனுப்பப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடு எஞ்சியிருக்கிறது. அதில் கும்பல்களைக் காணோம். பெரும்பாலோர் தனியாகவோ இருவராகவோ நடந்தவர்கள். எசமானனை இழந்த வேலைக்காரர்கள், தொழில் பழகப் போன இடத்திலிருந்து ஓடியவர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள், கணவனைத் தேடிப் போன பெண்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அடித்து முடித்ததும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்: இன்னார், இன்ன ஊரில் பிடிபட்டார், சட்டப்படி தண்டிக்கப்பட்டார், இத்தனை நாளுக்குள் இன்ன ஊர் போய்ச் சேர வேண்டும். முதுகுக் காயம் ஆறுமுன் அந்தச் சீட்டோடு அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். வழியில் தாமதித்தால் மறுபடி அடி.

இந்தச் சட்ட மொழிக்கு ஆயுள் அதிகம். சோம்பேறி, ஒழுங்கற்றவர், திருந்தாத போக்கிரி என்று மனிதரைத் தரம்பிரிக்கும் சொற்கள் 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய நாடோடிச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து குடியேற்ற நாடுகளுக்குப் போயின. 1841இல் இலங்கையில் பிறப்பிக்கப்பட்ட நாடோடிகள் கட்டளைச் சட்டம் அதே தரவரிசையைச் சுமந்து வந்தது.

உதவியின் பக்கத்துக்கு வருவோம். ஏழைகளைப் பேணுவது ஊராட்சியின் கடமை என்ற எண்ணம் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. ஸ்பானிய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவேஸ் 1526இல் பிரூக் நகருக்காக எழுதிய நூல், ஏழைகளைக் கணக்கெடு, இயலாதவருக்குக் கொடு, இயன்றவருக்கு வேலை கொடு, பிச்சையைத் தடைசெய் என்றது. ஈப்பர் நகரம் ஏறக்குறைய அதே நேரத்தில் அப்படியொரு திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. லண்டன் நகரம் 1540களிலும் 1550களிலும் மருத்துவமனைகளை மறுபடி திறந்தது. நோயாளிகளுக்குப் புனித பர்த்தலமேயு, புனித தாமஸ். அநாதைக் குழந்தைகளுக்குக் கிறைஸ்ட்ஸ். அரசரின் பழைய அரண்மனையான பிரைட்வெல் 1553இல் நாடோடிகளையும் விலைமகளிரையும் அடைத்து வேலை வாங்கும் இடமானது. பிறகு நாடெங்கும் கட்டப்பட்ட திருத்தகங்களுக்கெல்லாம் அந்தப் பெயரே வழங்கியது.

நன்கொடை வரியாக மாறியது படிப்படியாக. முதலில் பாதிரியார் பிரசங்கத்தில் வேண்டிக்கொண்டார். பிறகு கொடுப்பவர் பெயரும் தொகையும் எழுதப்பட்டன. 1563இல், கொடுக்க மறுப்பவரை ஆயர் அழைத்து அறிவுரை சொல்லலாம், அதற்கும் மசியாவிட்டால் நீதிபதிகள் தொகையை நிர்ணயித்துச் சிறையிலும் அடைக்கலாம் என்றானது. காது துளைக்கச் சொன்ன அதே 1572ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையான வரியைக் கொண்டுவந்தது. 1576இல் கம்பளி, சணல், இரும்பு வாங்கி வைத்து வேலையற்றோருக்குக் கொடுக்க ஊர்களுக்கு உத்தரவு வந்தது. வேலை கேட்டும் கிடைக்காதவர் என்று ஒருவர் உண்டு என்பதை நாடாளுமன்றம் முதன்முறையாக ஒப்புக்கொண்ட இடம் இது.

1594 முதல் 1597வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. வடக்கில் மனிதர்கள் பசியால் இறந்தார்கள். தெருவில் இறந்தவர்களைப் புதைத்த செலவு நியூகாசில் நகரக் கணக்கில் ஏறியது. 1596 இலையுதிர்காலத்தில் ஆக்ஸ்போர்ட்ஷையரில் பார்த்தலமேயு ஸ்டியர் என்ற தச்சர், வேலியடைத்த நிலக்கிழார்களைத் தாக்கிவிட்டு லண்டனுக்கு நடப்போம் என்று ஊர் ஊராக ஆள் சேர்த்தார். குறித்த இரவில் என்ஸ்லோ குன்றில் வந்து நின்றவர்கள் ஒரு கைப்பிடி அளவே. அரசு அதைத் தேசத்துரோகமாக எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அதே குன்றில் இருவர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு கூடிய நாடாளுமன்றம் உழவு நிலத்தைக் காக்கவும் ஏழைகளைப் பேணவும் சட்டங்கள் இயற்றியது. 1598இல் நடப்புக்கு வந்து 1601இல் செம்மையான ஏழைச் சட்டம் பிறந்தது இந்தப் பசிக்கும் அச்சத்துக்கும் இடையில். அச்சம் இல்லாமல் பசி மட்டும் இருந்திருந்தால் அது பிறந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

சட்டத்தின் அமைப்பு எளிது. ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதியான 'பங்கு' அதன் அடிப்படை அலகு. ஆண்டுதோறும் ஈஸ்டர் காலத்தில் நீதிபதிகள் ஒவ்வொரு பங்கிலும் வசதியான குடும்பத் தலைவர்கள் சிலரை ஏழைகள் கண்காணிப்பாளர்களாக நியமிப்பார்கள். அவர்கள் தேவாலயப் பொறுப்பாளர்களோடு சேர்ந்து, சொத்து வைத்திருப்போரிடம் வரி வசூலித்து, முதியோர், நோயாளர், பார்வையற்றோருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்ப வேண்டும், ஆண்பிள்ளைகளை 24 வயதுவரை, பெண்பிள்ளைகளை 21 வயதோ திருமணமோ வரும்வரை. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் வசதியுள்ளவர்களாக இருந்தால் முதலில் அவர்களே பேண வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், கட்டாய வரி, மேல்முறையீடு செய்ய நீதிபதி. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த நாடு அன்றைய ஐரோப்பாவில் வேறில்லை. எல்லா ஊர்களிலும் அது உடனே நடப்புக்கு வந்துவிடவில்லை. வரி முறை நாடெங்கும் பரவ 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி பிடித்தது.

கண்காணிப்பாளர்களின் செலவுக் கணக்குகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கின்றன. ஒரு விதவையின் கடைசி ஆண்டுகளை அவற்றில் வரிவரியாகப் பின்தொடரலாம். முதலில் குளிர்காலத்தில் மட்டும் ஒரு சுமை விறகு. பிறகு ஒரு ஜோடி காலணி, அல்லது கீழாடைக்குத் துணி. பிறகு வாரம் நான்கு பென்னி, ஆறு பென்னி என்று நிலையான தொகை. வீட்டு வாடகை. நோயுற்றபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இன்னொரு ஏழைப் பெண்ணுக்குக் கூலி. பல ஊர்களில் ஏழைகளைப் பேணும் வேலையே ஏழைப் பெண்களின் பிழைப்பாக இருந்தது. கடைசியில் பிணத்துணி, குழிவெட்டியவர் கூலி, மணியடித்த கூலி, சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் பீரும். அவளிடம் இருந்த பாத்திரமும் படுக்கையும் விற்கப்பட்டுப் பங்கின் வரவில் சேரும். உதவித்தொகை வாங்கத் தொடங்கும்போதே வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்து எழுதி வைத்த ஊர்களும் உண்டு. கூலியாளின் ஒரு நாள் கூலி எட்டு பென்னியாக இருந்த காலத்தில் வாரத்துக்கு ஆறு பென்னியில் யாரும் வாழ முடியாது. அவள் நூற்றாள், அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கினாள், பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கினாள். உதவித்தொகை அந்தப் பிழைப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. கூலி போதாதவர் என்ற வகையைச் சட்டம் பெயரிடாவிட்டாலும், கணக்கெழுதியவர்கள் நடைமுறையில் அதை அறிந்திருந்தார்கள். பிள்ளைகள் அதிகமுள்ள கூலியாளுக்கு வாடகையும் தானியமும் கொடுத்த வரிகள் அந்த ஏடுகளில் நிறைய உண்டு.

அந்த ஏடுகளில் கொடுமையும் அதே கையெழுத்தில் இருக்கிறது. வேற்றூர்க் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சில பென்னி கொடுத்து ஊர் எல்லையைத் தாண்டி அனுப்பிய செலவு திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை எந்தப் பங்கில் பிறக்கிறதோ அந்தப் பங்கு அதைப் பேண வேண்டும் என்பதால், பிரசவ வலி கண்ட பெண்களைக்கூட வண்டியில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கினார்கள். மணமாகாமல் பெற்ற பிள்ளை பங்குக்குச் செலவு வைத்தால், 1610ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்க்கு ஓராண்டு திருத்தகச் சிறை. ஏழை ஆணும் பெண்ணும் மணம் செய்துகொள்வதை, பிள்ளைகள் ஊருக்குச் சுமையாகும் என்று சொல்லிப் பங்குகள் தடுத்ததுண்டு. 1589ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு ஏக்கர் நிலம் சேராத குடிசையைக் கட்டக் கூடாது என்றது. இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்தால் ஒன்று புலப்படும். பேண வேண்டிய கடமை ஊருடையது என்றானதும், யார் ஊரார் என்பதே பெரிய சண்டையானது.

1662ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்தச் சண்டைக்கு விதி எழுதியது. புதிதாக ஒருவர் வந்து 40 நாள்களுக்குள், ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் இருந்தால், அவர் பின்னால் சுமையாகக்கூடும் என்ற ஊகத்தின் பேரிலேயே இரண்டு நீதிபதிகள் அவரைத் திருப்பி அனுப்பலாம். உதவி கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தக் கூலியாளாலும் 10 பவுண்டு வாடகை கொடுக்க முடியாது. பிறகு வந்த சட்டங்கள், ஓராண்டு முழுதும் ஒரே இடத்தில் வேலை செய்த மணமாகாதவர், தொழில் பழகியவர் ஆகியோருக்கு உரிமை அளித்தன. உடனே ஓராண்டுக்குச் சில நாள் குறைவாக வேலைக்கு அமர்த்தும் பழக்கம் தொடங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நன்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1623இல் கம்பர்லாந்தின் கிரேஸ்டோக் ஊரின் இறப்புப் பதிவேட்டில், பட்டினியால் மெலிந்து இறந்த பிச்சைக்காரச் சிறுவர் சிறுமியரை, அவர்கள் அப்படித்தான் இறந்தார்கள் என்றே பாதிரியார் எழுதி வைத்தார். அப்படிப்பட்ட பதிவுகள் அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. 1690களில் விளைச்சல் மோசமானபோது பிரான்சிலும் ஸ்காட்லாந்திலும் மக்கள் பெருந்திரளாக இறந்தார்கள். இங்கிலாந்தில் அப்படி நடக்கவில்லை. பயிர்முறை மாற்றம், தானியச் சந்தையின் ஒருங்கிணைப்பு, மக்கள்தொகைத் தேக்கம் எல்லாமே காரணங்கள். வாரந்தோறும் தவறாமல் கிடைத்த சில பென்னிகளும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். பஞ்சத்தில் வாங்கும் சக்தி இல்லாதவரே சாகிறார் என்பதால், அந்த வாதம் எனக்கு வலுவாகவே தோன்றுகிறது.

ஏழைகள் வெறுமனே பெற்றுக்கொண்டவர்கள் அல்லர். கண்காணிப்பாளர் மறுத்தால் அவர்கள் நீதிபதிகளிடம் மனு கொடுத்தார்கள். லங்காஷையர் நீதிமன்ற ஆவணங்களில் 17ஆம் நூற்றாண்டு மனுக்கள் ஏராளமாக இருக்கின்றன. எழுதத் தெரியாதவருக்கு வேறொருவர் எழுதித் தந்தது என்றாலும் சொல்லப்படும் கதை மனுதாரருடையது. இத்தனை ஆண்டு இந்த ஊரில் உழைத்தேன், இதுவரை யாருக்கும் சுமையாக இருந்ததில்லை, பிள்ளைகளை வளர்த்தேன், இப்போது கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது. ஏறக்குறைய எல்லா மனுவிலும் உழைப்பே முதல் வாதம். பல மனுக்களுக்கு நீதிபதிகள் இணங்கி, வாரம் இத்தனை பென்னி கொடு என்று ஊருக்கு உத்தரவிட்டார்கள். சட்டம் யாருக்கும் உரிமை என்று எழுதித் தராததை, கேட்டுக் கேட்டு ஏழைகள் உரிமைபோல் ஆக்கிக்கொண்டார்கள்.

அதற்கு எதிர்வினையும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் முடிவில் ஏழை வரி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. அதே காலத்தில் கிரிகரி கிங் என்ற புள்ளிவிவர அறிஞர், நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நாட்டின் செல்வத்தைக் குறைப்பவர்கள் என்று அட்டவணை போட்டார். கூலியாள்களும் குடிசைவாசிகளும் படைவீரர்களும் மாலுமிகளும் அந்தப் பக்கத்தில். விதைத்தவரும் அறுத்தவரும் நூற்றவரும் செல்வத்தைக் குறைப்பவர்களாம். 1697இல் மெய்யியலாளர் ஜான் லாக் வணிக வாரியத்துக்கு எழுதிய திட்டத்தில், போலிச் சீட்டோடு திரிபவரின் காதை அறுக்கவும், மூன்று வயதைத் தாண்டிய ஏழைக் குழந்தைகளை வேலைப்பள்ளிகளில் நூற்க வைக்கவும் பரிந்துரைத்தார். திட்டம் சட்டமாகவில்லை. அதே ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. பங்கின் உதவி பெறும் ஒவ்வொருவரும், மனைவியும் பிள்ளைகளும் உட்பட, மேலாடையின் வலது தோளில் ஏழை என்பதற்கான எழுத்தையும் பங்குப் பெயரின் முதல் எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் உதவி நிறுத்தம் அல்லது சவுக்கடி. ஊரே பெயர் சொல்லி அறிந்த மூதாட்டிக்கு அடையாள வில்லை எதற்கு? கேட்கக் கூசும்படி செய்வதற்குத்தான். அந்தச் சட்டம் 1810வரை ஏட்டில் இருந்தது.

1723இல் சர் எட்வர்ட் நாட்ச்புல் கொண்டுவந்த சட்டம் வில்லையைவிட வலிய கருவியைக் கொடுத்தது. பங்குகள் உழைப்பு விடுதி திறக்கலாம். அதற்குள் வந்து தங்க மறுப்பவருக்கு எந்த உதவியும் தர வேண்டியதில்லை. இரண்டே ஆண்டில் கிறிஸ்தவ அறிவு வளர்ப்புச் சங்கம் அந்த விடுதிகளின் வெற்றியைப் பாராட்டி ஒரு நூல் வெளியிட்டது. அதில் வெற்றிக்கான சான்று, விடுதிக்குப் பயந்து எத்தனை பேர் உதவித்தொகையை விட்டுவிட்டார்கள், வரி எவ்வளவு குறைந்தது என்பது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நூற்றுக்கணக்கான விடுதிகள் எழுந்தன. ஆனால் வேலை வாங்கி லாபம் பார்க்கலாம் என்ற கணக்கு எங்கும் பலிக்கவில்லை. உள்ளே வந்து சேர்ந்தவர்கள் முதியவர்கள், நோயாளர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், அநாதைச் சிறுவர்கள். உழைக்க முடிந்தவர்கள் வெளியே முன்போலவே உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்ற நூல் விலைபோகவில்லை, நடத்தும் செலவு ஏறியது. பல ஊர்கள் சில ஆண்டுகளிலேயே விடுதியைக் கைவிட்டு, விதவைகளின் வீட்டுக்கே வாரப் பணத்தை மறுபடி அனுப்பத் தொடங்கின.